சம்சாரியின் எண் சம்சாரியின் கையிலேயே இருக்கட்டும்

தென்காலில் தண்ணீர் வந்து ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் பிசான நடவு தொடங்கிவிட்டால் டீக்கடைப் பேச்சு எந்த வருஷமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாபநாசம் அணையில் எத்தனை அடி? மணிமுத்தாறில் எத்தனை அடி? சங்கத்துக்கு யூரியா வந்துவிட்டதா? வாழைத்தார் என்ன விலைக்குப் போகிறது? தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை நம்பிப் பயிர் செய்யும் ஊர் இது. மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மீதியே இங்கு வந்து சேர வேண்டும். ஆகவே அணையின் அளவைக் கேட்காமல் இங்கு யாரும் நாற்றுப் பாவுவதில்லை.

முன்பெல்லாம் இந்தக் கேள்விகளுக்குப் பத்திரிகையும் வானொலியும் பதில் சொல்லின. இப்போது சட்டைப்பையில் உள்ள போன் சொல்கிறது. ஆனால் சில ஆண்டுகளாகப் புதிய கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது. "ஓ.டி.பி. வந்துச்சா?" என்பதே அது. விவசாயிகள் கவனத்துடன் யோசிக்க வேண்டிய விஷயம் இதில்தான் இருக்கிறது.

இப்படி ஒரு சம்சாரியை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றரை ஏக்கர் நெல், அரை ஏக்கர் வாழை. கையில் இருப்பது பழைய பட்டன் போன். ஆதார் அட்டையில் பதிந்திருப்பதோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனின் எண். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன், "அண்ணாச்சி, ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறான். அண்ணாச்சி மகனைக் கூப்பிடுகிறார். மகன் மிஷினில் நிற்கிறான், எடுக்கவில்லை. அவன் எடுப்பதற்குள் அந்த ஆறு எண்களின் ஆயுள் முடிந்துவிடுகிறது. "நாளைக்கு வாங்க அண்ணாச்சி." மறுநாள் போனால் சர்வர் வேலை செய்யவில்லை. இரண்டு நாள் வேலை கெட்டது, காரியமும் ஆகவில்லை.

இது ஏதோ ஒருவருக்கு நேர்ந்த சங்கடம் அல்ல. பல கிராமங்களில் தினமும் நடப்பது. இதைப் போக்க விலை உயர்ந்த போன் தேவையில்லை. எளிமையான ஒரு டச் போனும், சொந்தப் பெயரில் ஒரு சிம்மும், ஒரு மாதப் பழக்கமும் போதும். அதே சமயம், டச் போன் இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்துவதும் நியாயமாகாது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ரேடியோ நெல் சொன்ன பாடம்

புதிய கருவி கிராமத்துக்கு வருவது இது முதல் தடவை அல்ல. 1960-களில் டிரான்சிஸ்டர் வந்தது. அப்போது ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வெளிவந்தது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் அதைப் பயிரிட்டனர். கடையில் விதை கேட்டபோது "ரேடியோ நெல் கொடுங்க" என்றே கேட்டார்களாம். அந்தப் பெயர் இன்றும் வேளாண் வரலாற்றில் நிற்கிறது.

டிரான்சிஸ்டர் ஏன் அவ்வளவு சீக்கிரம் வரப்பு வரை வந்தது? அதை இயக்க எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு திருகு; ஒன்று சத்தத்துக்கு, மற்றொன்று நிலையத்துக்கு. அது தமிழில் பேசியது. யாருடைய பெயரையும் எண்ணையும் அது கேட்கவில்லை. ஒரு கருவி சாதாரண மனிதனுக்கு ஏற்றதா என்று பார்க்க இந்த மூன்றையும் உரைகல்லாகக் கொள்ளலாம். இன்றைய டச் போன் இந்த உரைகல்லில் பாதிதான் தேறுகிறது. தமிழில் பேசுகிறது, படமும் காட்டுகிறது. ஆனால் திருகு இரண்டல்ல, இருநூறு. அடிக்கொரு தரம் பெயரும் எண்ணும் கேட்கிறது.

எது எளிய போன்?

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் சென்றது. அன்று அது பெரிய மனிதர்களின் பொருள். 2017-இல் ஜியோபோன் வந்தபோது பட்டன் போனிலேயே இணையம் கிடைத்தது. 2021-இல் அதே நிறுவனம் கூகிளுடன் சேர்ந்து, முதன்முறையாக டச் போன் வாங்குகிறவர்களுக்கென்றே ஜியோபோன் நெக்ஸ்ட் என்ற போனைக் கொண்டுவந்தது. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி அதில் இருந்தது. படிக்கச் சிரமப்படுகிறவர்களை மனத்தில் வைத்து ஒரு கருவியைச் செய்ய முடியும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இன்று கடையில் குறைந்த விலைப் போன்கள் பல கம்பெனிகளில் கிடைக்கின்றன. கடைக்காரர் கேமராவில் எத்தனை கண் இருக்கிறது என்று சொல்லி விற்பார். சம்சாரி அதைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் பார்க்க வேண்டியவை வேறு. பேட்டரி காலையிலிருந்து இருட்டும் வரை தாங்குமா? மோட்டார் ஓடும் இடத்திலும் சத்தம் காதில் விழுமா? வெளிச்சத்தைக் கூட்டினால் வெயிலில் திரை தெரியுமா? எழுத்தைப் பெரிதாக்க முடிகிறதா? பல போன்களில் 'எளிய முறை' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் பெரிய பெரிய படங்கள் சிலவே திரையில் நிற்கும். வாங்கும்போதே கடையில் அதைப் போடச் சொல்லி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஒரு தடவை தானே அழைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பது நல்லது.

முதல் மாதம்

டச் போன் வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலோர் அதை வெறுக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. பட்டன் போனில் பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், பார்க்காமலே அழுத்தலாம். டச் போனில் தொட்டால் ஒன்று, லேசாக இழுத்தால் வேறொன்று. யாரோ கூப்பிடுகிறார்கள், பச்சையை அழுத்தினால் எடுக்கவில்லை, மேலே தள்ள வேண்டுமாம். இது தெரிவதற்குள் மணி நின்றுவிடுகிறது.

விரலும் ஒத்துழைப்பதில்லை. ஈர விரலைத் திரை ஏற்காது. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரலும், வாழைக்கறை படிந்த விரலும் ரேகை வைத்தால் போன் திறக்காது. ரேஷன் கடையில் ரேகை விழாமல் திண்டாடும் அதே விரல்தான் இது. ஆகவே ரேகைப் பூட்டை நம்பாமல், மறக்காத நான்கு எண்களால் பூட்டு வைத்துக்கொள்வதே சரி. அந்த நான்கு எண் பிறந்த வருஷமாக இருக்க வேண்டாம். ஊருக்கே தெரிந்தது அது.

அடுத்தது சேறு. நாற்றுப் பறிக்கக் குனிந்தால் சட்டைப்பையில் உள்ள போன் நேரே வயலில்தான் விழும். அனுபவப்பட்டவர்கள் போனைப் பாலிதீன் பையில் சுற்றிச் சாப்பாட்டுத் தூக்குடன் வரப்பு மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். உறைக்கு மேலேயே தொட்டாலும் போன் வேலை செய்யும். பட்டன் போன் மூன்று நாள் தாங்கிய சார்ஜ் இதில் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. இராத்திரி சாப்பிடும் நேரத்தில் சார்ஜில் போடுவதை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல் தினசரி வேலையாக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் மாதத்தில் நான்கு வேலைகளை மட்டும் பழகினால் போதும். அழைப்பை எடுப்பதும் அழைப்பதும் முதல் வேலை. படம் எடுப்பது இரண்டாவது. வாட்ஸ்ஆப்பில் மைக்கை அழுத்திப் பேசி அனுப்புவது மூன்றாவது. திரையில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் கேட்டுப் பதில் தெரிந்துகொள்வது நான்காவது. 2017-லேயே கூகிள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. எழுதத் தெரியாதவரும் தேடலாம் என்பதே இதன் பொருள். நெல்லைச் சீமைப் பேச்சை அது சில சமயம் தப்பாகக் கேட்கிறது. கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறது.

கற்றுக்கொடுப்பவர் யார் என்பதும் முக்கியம். வீட்டுப் பேரன் "தாத்தா, இங்க குடுங்க" என்று வாங்கித் தானே செய்துகொடுத்துவிடுகிறான். காரியம் முடிகிறது, தாத்தா கற்றுக்கொள்ளவில்லை. சைக்கிள் பழகுகிறவனைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினால் அவன் எப்போது பழகுவான்? போன் தாத்தா கையில் இருக்க வேண்டும். பேரன் வாயால் சொல்ல வேண்டும்.

வயலுக்கு என்ன பயன்?

தமிழக அரசு 2018 ஏப்ரலில் உழவன் செயலியைத் தொடங்கியது. மானியத் திட்டங்கள், விதை இருப்பு, உர இருப்பு, வாடகை இயந்திரங்கள், சந்தை விலை, வானிலை, அணைகளின் நீர் அளவு முதலியவை அதில் தமிழில் உள்ளன. சங்கத்தில் உரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தால் ஒரு நடை மிச்சம். மேகதூத் என்ற செயலி, இந்திய வானிலைத் துறையும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2019-இல் கொண்டுவந்தது. மாவட்ட வாரியாக வரும் நாட்களின் மழையையும் அதற்கேற்ற பயிர் யோசனையையும் அது தருகிறது. மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால் மருந்தும் கூலியும் தண்ணீரோடு போகும். அந்த ஒரு நாளைத் தவிர்த்தாலே இதைப் பழகிய சிரமத்துக்குப் பலன் கிடைத்துவிடும். இடி மின்னலை முன்கூட்டிச் சொல்ல தாமினி என்ற செயலி உண்டு. திறந்த வயலில் நிற்பவர்களுக்கு அது உயிர் காக்கும் செய்தி.

படம் எடுப்பதன் பயனைப் பலர் உணரவில்லை. வாழை இலையில் விழும் புள்ளியை வாயால் விவரித்தால் கேட்பவருக்குப் பாதிதான் புரியும். இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, மரம் முழுவதும் ஒன்று என்று மூன்று படம் அனுப்பினால் வேளாண் உதவி அலுவலரோ, வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையத்தாரோ, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியினரோ நோயைத் தீர்மானிக்க எளிது. மருந்துக் கடைக்காரர் கொடுத்ததை அடிப்பதை விட இது நல்லது.

பட்டன் போன் மட்டுமே உள்ளவர்களும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்தை 1800 180 1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். பணம் அனுப்பவும் 2022 மார்ச்சில் யு.பி.ஐ. 123பே என்ற முறையை ரிசர்வ் வங்கி பட்டன் போன்காரர்களுக்காகத் தொடங்கிவைத்தது. இவற்றை ஊர்களில் இன்னும் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை.

விலை தெரிந்தால் போதுமா?

போன் வந்தால் நல்ல விலை தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் செல்போன் பரவியபோது மத்தி மீன் பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே பல கரைகளின் விலையைக் கேட்டு, விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது. வாங்கி உண்பவருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்.

ஆனால் மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் விவசாயிகளுக்குப் போனில் விலையும் வானிலையும் அனுப்பிப் பார்த்தார்கள். 2012-இல் வெளிவந்த அந்த ஆய்வில், விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒரே போன், அங்கே ஒரு பலன், இங்கே வேறு பலன். ஏன்?

படகுக்குக் கரையை மாற்றும் சுதந்திரம் இருந்தது. தென்கால் பாசனத்து வாழைக்காரருக்கு அது இருக்கிறதா? கன்று நட்டபோதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், தூத்துக்குடியில் என்ன விலை, மதுரையில் என்ன விலை என்று போன் சொல்லி என்ன பயன்? தெரிந்த விலை வயிற்றெரிச்சலைத்தான் கூட்டும். ஆகவே விலைச் செய்தியோடு கூட்டுறவுக் கடன் நேரத்தில் கிடைக்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்துத் தார் ஏற்ற வேண்டும். வாட்ஸ்ஆப்பில் திருமண வாழ்த்துக் குழு வைத்திருக்கும் தெருவில், தார் வெட்டுகிறவர்களின் குழு ஒன்றும் வைத்தால் அந்தக் கூட்டு வண்டி ஒரு குரல் செய்தியில் ஏற்பாடாகிவிடும். போனை இதற்குப் பயன்படுத்துவதே கெட்டிக்காரத்தனம்.

டவர் விழுந்த அந்த டிசம்பர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் நின்றுபோனது. மின்சாரம் போனது, பல இடங்களில் டவர்கள் செயலிழந்தன. கையில் போன் இருந்தும் பக்கத்து ஊரில் இருந்த பிள்ளையிடம் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல முடியவில்லை. வெள்ளம் சூழ்ந்த வீட்டு மாடியில் அந்தப் போன் டார்ச் விளக்காக மட்டுமே பயன்பட்டது, அதுவும் சார்ஜ் இருந்த வரையில்.

இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். முதலாவது, வீட்டில் பேட்டரி போட்ட ஒரு ரேடியோ இருப்பது இன்றைக்கும் நல்லது. முக்கியமான எண்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் நல்லது. போன் போனால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் குடும்பம் இருக்கக்கூடாது.

இரண்டாவது முடிவு அரசுக்கு உரியது. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனிப்பட்ட வயலில் ஏற்படும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இதற்கென 14447 என்ற எண்ணும் செயலியும் உள்ளன. காட்டுப் பன்றி போன்ற வன விலங்குகளால் ஏற்படும் சேதத்தையும், வெள்ளத்தில் நெல் வயல் மூழ்குவதையும் 2026 காரிப் பருவம் முதல் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்கும் 72 மணி நேரம்தான். இடம் குறித்த படத்தைச் செயலியில் ஏற்ற வேண்டும். கேட்க நல்ல செய்தி. ஆனால் 2023-இல் வந்தது போல் வெள்ளம் வந்து டவர் மூன்று நாள் எழும்பாவிட்டால் அந்த 72 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? தண்ணீருக்கு நடுவே நிற்கும் வயலை யார் போய்ப் படம் எடுப்பது? மாவட்ட நிர்வாகம் தொடர்பு துண்டிக்கப்பட்டதாகச் சொல்லும் நாட்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்த மனுவையும் சேதத் தகவலாக ஏற்க வேண்டும். இந்த இரண்டையும் விதியிலேயே எழுதி வைப்பதுதான் முறை.

விவசாயிகள் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். பயிர் நன்றாக நிற்கும்போதே வயலின் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எடுக்கும் முன் போனில் 'இருப்பிடம்' என்பதை இயக்கிக்கொள்ள வேண்டும். சேதத்துக்குப் பின் எடுக்கும் படம் பேச, முன்பு எடுத்த படம் பக்கத்தில் இருந்தால் பலம்.

களையும் கூடவே முளைக்கும்

பயிர் இருக்கும் வயலில்தான் களையும் முளைக்கும். பி.எம். கிசான் தவணை வந்திருக்கிறது, இதை அழுத்துங்கள் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு பொதி வரும். அழுத்தினால் போனுக்குள் திருடன் குடியேறுவான். எந்த அரசுத் துறையும் வாட்ஸ்ஆப்பில் செயலி அனுப்புவதில்லை. கடைத்தெருவில் பொருள் வாங்குவது போல், பிளே ஸ்டோரில் சென்று பார்த்தே எடுக்க வேண்டும்.

பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. தார் வாங்க முன்பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள் என்று ஒருவன் சொன்னால் அவன் பணத்தை எடுக்க வருகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணை அழைத்துச் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. போன் தொலைந்தால் அதை முடக்க, மத்திய அரசு 2023-இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளம் உதவும். அதற்குப் போனின் 15 இலக்க எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் அது திரையில் தெரியும். இன்றே பார்த்துப் பட்டா நகலின் பின்பக்கம் எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

சிம்மையும் கவனிக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் எண் கைவிட்டுப் போகும். பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படும். ஆதாரிலும் வங்கியிலும் பதிந்த எண் அந்நியர் கைக்குப் போவது, வீட்டுச் சாவியைத் தெருவில் போட்டது போல. இணையம் தேவையில்லாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. கடையில் கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

எண் யார் கையில்?

முதலில் சொன்ன திருப்பூர் மகனின் கதைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானுக்கு இ-கே.ஒய்.சி. வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் போடவும் முன்பதிவு வேண்டும். 2025-இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பதிவு நடந்தபோதும் ஆதாரில் உள்ள எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. சென்றது. அந்த எண் அடுத்தவருடையதாக இருந்தால், நிலம் தன்னுடையதாக இருந்தும் சம்சாரி பிறர் தயவில் நிற்கிறார். மகனோ, உரக்கடைக்காரரோ, சேவை மையத்துப் பையனோ, யார் நல்லவராக இருந்தாலும் இது சரியான ஏற்பாடு அல்ல. களஞ்சியத்துச் சாவியை யாரும் இப்படி விட்டுவைப்பதில்லை.

பெண்கள் நிலை இன்னும் மோசம். கணவர் வெளியூரில் இருக்க, நாற்று விடுவது முதல் களத்து மேட்டில் நெல் தூற்றுவது வரை பார்க்கும் பெண்கள் பலர். வீட்டில் ஒரு போன் இருந்தால் அது ஆண்பிள்ளை சட்டைப்பையில்தான் இருக்கிறது. வயலில் நிற்பவர் கையில் வானிலைச் செய்தி இல்லை. டீக்கடையில் இருப்பவர் கையில் இருக்கிறது. வீட்டில் இரண்டாவது போன் வாங்க முடிந்தால் அது வயலைப் பார்க்கும் பெண்ணின் பெயரில் இருக்கட்டும்.

ஆதாரில் எண்ணை மாற்ற, ஆதார் சேர்க்கை மையம் உள்ள அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ நேரில் போய் ரேகை வைத்தால் போதும். பழைய எண் தேவையில்லை. இதை ஓய்வான நாளிலேயே செய்துவிட வேண்டும். அவசரத்தில் அலைந்தால் நடக்காது.

அரசு செய்ய வேண்டியது

விவசாயியைப் பழகச் சொல்வது எளிது. கருவியையும் கொஞ்சம் அவனிடம் இறங்கி வரச் சொல்ல வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-லேயே மீனவர்களுக்கென ஒரு செல்போன் சேவையைத் தமிழில் கொண்டுவந்தது. காற்று, அலை உயரம், மீன் கிடைக்கும் இடம் ஆகியவை அதில் உண்டு. கடலுக்குப் போகிறவனுக்குப் போகும் முன் என்ன தெரிய வேண்டுமோ அதைப் படத்தோடு முன்னால் வைத்தார்கள். விவசாயச் செயலிகளும் அப்படி இருக்க வேண்டும். இன்று என்ன செய்யலாம், எந்த மனுவுக்கு எது கடைசி நாள், தன் மனு எந்த மேஜையில் நிற்கிறது என்ற மூன்றும் திறந்தவுடன் தெரிய வேண்டும். தொட்டால் தமிழில் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலும் மாதத்தில் ஒரு நாள் போன் பழகும் முகாம் வைக்கலாம். சங்கத்துக்கு உரம் வாங்க வருகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து கற்பார்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பொறுமையான ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரில் மனுக் கொடுக்கும் ஜன்னலை மூடக்கூடாது. போன் ஒரு வழியாக இருக்கலாம். ஒரே வழியாக ஆகக்கூடாது. எழுபது வயது வரை வரப்பு வெட்டிய ஒருவரின் விரல் திரையில் பதியவில்லை என்பதற்காக அவருடைய உரிமை பறிபோவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

டிரான்சிஸ்டர் வந்த காலத்திலும் "சம்சாரிக்கு எதுக்கு ரேடியோ?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதே ரேடியோதான் ஒரு நெல்லுக்கே தன் பெயரைக் கொடுத்தது. இன்றைய போனும் மண்வெட்டி, அரிவாள் போல ஒரு கருவிதான். பிடிக்கத் தெரிந்தவன் கையில் வேலை செய்யும். பிடிக்கத் தெரியாவிட்டால் காலை வெட்டும். வெயில் தாழ்ந்து வீடு திரும்பியதும், கைகால் கழுவி, விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இன்று ஒரு வேலையை மட்டும் தானே செய்து பார்க்கலாம். திருப்பூர் மகனைக் கூப்பிட்டு, "ஏலே, என் ஆதாரில் என் நம்பரையே போட்டுக்கிடுதேன்" என்று சொல்வது அந்த முதல் வேலையாக இருக்கட்டும்.